ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் குறைந்தால் நுரையீரல் ஏன் தேய்கிறது?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. மரம் அறுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். பல ஆண்டுகள் புகைபிடித்தவன். மூச்சுத்திணறலுக்கு ஆஸ்துமா என்று சொல்லி நெடுநாளாக இன்ஹேலர் கொடுத்துவந்தார்கள். அண்மையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் எம்ஃபிசீமா (காற்றறைகளின் சுவர் சிதைந்துபோகும் நோய்) இருப்பது தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 24 மில்லிகிராம்தான் இருக்கிறது. "நொதியைப் பிடித்து முடக்கும் புரதம் குறைவு" என்று கூறிய மருத்துவர், கல்லீரலையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். டிரிப்சின் சிறுகுடலில் வேலைசெய்யும் நொதி என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அதற்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு? ரத்தத்தில் ஆல்பா-2 மேக்ரோகுளோபுலின் என்ற இன்னொரு தடுப்பானும் இருக்கிறது என்று படித்தேன். அது ஈடுகட்டாதா? பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருப்பதால் ஊறவைத்துப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். போன மாதம் பல் பிடுங்கியபோது தம்பிக்கு டிரிப்சின்-கைமோடிரிப்சின் மாத்திரை கொடுத்தார்கள். அது கெடுதல் செய்திருக்குமா? அம்மாவை அவருடைய தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலை பல வாரம் நீடித்தது என்று அம்மா சொல்வார். நானும் என் மகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? என் கணவர் அந்நியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.
— ஓர் உயிரியல் ஆசிரியை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தப் புரதம் ஒரு நொதியை எப்படிப் பிடிக்கிறது என்பது விளங்கினால், தம்பியின் நுரையீரல் ஏன் தேய்ந்தது, கல்லீரலை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள், சோயா ஏன் உதவாது என்பவையும் விளங்கும். நீங்கள் உயிரியல் ஆசிரியை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக் காரியங்களுக்கு வருகிறேன். நான் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் இருப்பவன். மருந்து பற்றிய முடிவுகளைத் தம்பியைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் நடத்தும் பாடம் சரியே. டிரிப்சின் கணையத்தில் உருவாகிச் சிறுகுடலில் வேலைசெய்கிறது. சோதனைக்குழாயில் டிரிப்சினை முடக்கிக் காட்டியதால்தான் இந்தப் புரதத்துக்கு ஆன்டிடிரிப்சின் என்று பெயர் வந்தது. உடலுக்குள் அதன் முதன்மையான இலக்கு வேறு: நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் தமக்குள் வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி. கிருமியைக் கொல்லவும் சிதைந்த திசுவை அகற்றவும் நியூட்ரோஃபிலுக்கு இந்த நொதி வேண்டும். ஆனால் அது அணுவுக்கு வெளியே கசிந்தால், நுரையீரல் விரிந்து சுருங்குவதற்கு ஆதாரமான எலாஸ்டின் இழைகளையும் அதே வேகத்தில் அறுத்துவிடும்.

எலாஸ்டேஸ் மட்டுமல்ல, புரதம் வெட்டும் நொதிகள் ரத்தத்தில் பல இருக்கின்றன. ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின், உறைந்த கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின், நோயெதிர்ப்பில் பங்குகொள்ளும் காம்ப்ளிமென்ட் நொதிகள் எல்லாமே தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் மட்டும் வெட்ட வேண்டியவை. வேலை முடிந்த பிறகும் வெட்டிக்கொண்டிருந்தால் உடலுக்கே ஆபத்து. அதனால் மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளின் ரத்தத்தில் தடுப்பான் புரதங்கள் எப்போதும் மிகுந்த அளவில் சுற்றிவருகின்றன. ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் மட்டுமே லிட்டருக்கு 1 முதல் 2 கிராம்வரை இருக்கும். நலமான ஒருவரின் கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் அளவுக்கு அதைத் தயாரிக்கிறது.

இனி பிடிக்கும் விதம். நொதியைத் தடுக்க எளிய வழி, அதன் வெட்டும் குழியில் பொருந்தி உட்கார்ந்து அடைத்துக்கொள்வதுதான். பூட்டும் சாவியும் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். சோயாவில் இருக்கும் தடுப்பானும் இப்படித்தான் செய்கிறது. அதில் நொதிக்கும் சேதமில்லை, தடுப்பானுக்கும் சேதமில்லை. பிரிய நேர்ந்தால் இரண்டும் பழைய நிலைக்கே திரும்பும். ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் சேர்ந்திருக்கும் குடும்பம் வேறு வழியைக் கையாள்கிறது. 1985 முதல் செர்பின்கள் என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தில் மனித உடலில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் நிறைந்திருக்கும் ஓவால்புமினும் இதே குடும்பம்தான். அது எந்த நொதியையும் தடுப்பதில்லை என்பது தனிக்கதை.

செர்பினை எலிப்பொறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 394 அமினோ அமிலங்களாலான ஆல்பா-1 ஆன்டிடிரிப்சினின் ஒரு முனையில் நெகிழ்வான வளையம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்த வளையத்தில் 358ஆம் இடத்தில் உள்ள மெத்தியோனின்தான் இரை. எலாஸ்டேஸ் வெட்ட விரும்பும் இணைப்பு அதற்கும் அடுத்த அமினோ அமிலத்துக்கும் இடையில் இருக்கிறது. நொதி வந்து அதைக் கவ்வுகிறது, வெட்டவும் தொடங்குகிறது.

புரதத்தை வெட்டுவது இத்தகைய நொதிகளுக்கு இரண்டு கட்ட வேலை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் இணைப்பு அறுந்து ஒரு பாதி விலகிப்போகும். மறுபாதியோ நொதியின் செரின் என்ற அமினோ அமிலத்தோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் கட்டத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து அந்தப் பிணைப்பை முறித்த பிறகுதான் நொதி விடுபட்டு அடுத்த இரையைத் தேடிப் போகும். சாதாரணப் புரதமானால் இவ்விரு கட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பொருட்படுத்தத் தக்கதல்ல. செர்பின் அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. வளையம் அறுந்த உடனே, இழுத்து வைத்த வில் விடுபட்டாற்போல, அறுந்த வளையம் புரதத்தின் நடுவிலுள்ள தட்டையான இழைத்தொகுப்புக்குள் கூடுதல் இழையாகப் பாய்ந்து செருகிக்கொள்கிறது. அதன் நுனியில் ஒட்டியிருக்கும் நொதியும் சேர்ந்து இழுபட்டு, செர்பினின் ஒரு துருவத்திலிருந்து எதிர்த்துருவத்துக்கு, ஏறத்தாழ 7 நானோமீட்டர் தூரம் தூக்கியெறியப்படுகிறது. செர்பினின் உடலோடு மோதி நெரிபடும்போது நொதியின் வெட்டும் மையம் கோணலாகிவிடுகிறது. இரண்டாம் கட்டத்துக்கு வேண்டிய அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமற்போவதால் பிணைப்பு முறிவதில்லை, நொதியும் விடுபடுவதில்லை.

இதை வெறும் ஊகம் என்று எண்ண வேண்டாம். 1984இல் ஜெர்மனியில் ராபர்ட் ஹூபரின் குழு, வெட்டுண்ட ஆல்பா-1 ஆன்டிடிரிப்சினின் படிக வடிவத்தைக் கண்டபோது, ஒரு காலத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு அமினோ அமிலங்கள் மூலக்கூறின் இரு கோடிகளில் கிடந்தன. நொதியையும் சேர்த்துப் பிடித்த நிலையிலுள்ள படிகத்தை, கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஹண்டிங்டன், ராண்டி ரீட், ராபின் கேரல் ஆகிய மூவரும் 2000இல் வெளியிட்டார்கள். அதில் சிக்கியிருந்தது டிரிப்சின்தான். அதன் கட்டமைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குலைந்துபோயிருந்தது. கட்டுக்குலைந்த நொதியை மற்ற நொதிகள் எளிதில் சிதைத்துவிடும். மிச்சமிருக்கும் இணையைக் கல்லீரல் விரைவில் அள்ளிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன, உங்கள் தம்பியின் நோய் இரண்டையும் தொட்டு நிற்கிறது. முதலாவது, ஒரு செர்பின் ஒரே ஒரு நொதியைத்தான் பிடிக்க முடியும். பாய்ந்த பொறியை மறுபடி ஏற்றி வைக்க வழியில்லை. ஆகவே கையிருப்பு எவ்வளவு, வந்து சேரும் நொதி எவ்வளவு என்பதே கணக்கு. இரண்டாவது, பாய்வதற்குத் தயாராக நிற்க வேண்டுமானால் அந்தப் புரதம் எப்போதும் முறுக்கேறிய, நிலையற்ற வடிவத்தில் இருந்தாக வேண்டும். சாதாரணப் புரதங்கள் தமக்கு மிக நிலையான வடிவத்தில் மடிந்து அமைதியடைந்துவிடும். செர்பின் அப்படி அமைதியடைவது நொதியைப் பிடித்த பிறகுதான்; அதற்கு முன் சுமார் 60 டிகிரி வெப்பத்திலேயே குலைந்துபோகும் அது, பாய்ந்து முடித்த பின் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கும். பிடிக்கும் ஆற்றல் எந்த முறுக்கிலிருந்து வருகிறதோ, நோய் வருவதும் அதே முறுக்கிலிருந்துதான்.

எந்த நொதி சிக்கும் என்பதை இரையே தீர்மானிக்கிறது. இதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஒரு சிறுவனுக்கு 358ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதிலாக ஆர்ஜினின் இருந்தது. அந்த ஒரே மாற்றத்தால் எலாஸ்டேஸைப் பிடிக்க வேண்டிய புரதம் த்ராம்பினைப் பிடிக்கத் தொடங்கி, ரத்தம் உறையாமல் அச்சிறுவன் 14 வயதில் இறந்துபோனான். காரணம் 1983இல் தெளிவாயிற்று. த்ராம்பினைப் பிடிப்பதற்கென்றே ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்ற தனிச் செர்பின் இருக்கிறது. அது இயல்பில் மந்தமானது. ஹெப்பாரின் வந்து ஒட்டினால் அதன் வேகம் ஆயிரம் மடங்கு அளவுக்குக் கூடும். மருத்துவமனைகளில் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுகிறார்களே, அது தானாக எதையும் தடுப்பதில்லை; நம் உடலிலுள்ள செர்பினை முடுக்கிவிடுகிறது, அவ்வளவே. தம்பிக்கு இந்த ஆன்டித்ராம்பினில் குறை இருக்கக் காரணமில்லை. அது வேறு மரபணுவின் விளைபொருள்.

நீங்கள் கேட்ட ஆல்பா-2 மேக்ரோகுளோபுலினின் வழி இன்னும் விந்தையானது. நான்கு துணை அலகுகள் சேர்ந்த, ஆன்டிடிரிப்சினைப் போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு எடையுள்ள ராட்சத மூலக்கூறு அது. அதன் நடுவே பலவகை நொதிகளும் வெட்டத்தக்க இரைப்பகுதி ஒன்று இருக்கிறது. ஏதேனும் ஒரு நொதி அதை வெட்டியதும் மூலக்கூறு முழுவதும் வடிவம் மாறி நொதியைச் சுற்றி மூடிக்கொள்கிறது. இங்கே நொதியின் வெட்டும் மையத்துக்கு எந்தச் சேதமும் நேர்வதில்லை! உள்ளே நுழையக்கூடிய சிறு மூலக்கூறுகளை அது தொடர்ந்து வெட்டும். பெரிய புரதங்களைத்தான் எட்ட முடியாது. ஆலன் பாரெட், ஃபில்லிஸ் ஸ்டார்கி இருவரும் 1973இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். வடிவம் மாறிய மூலக்கூறின் மேற்பரப்பில் புதிதாக வெளிப்படும் பகுதியைக் கல்லீரல் அணுக்கள் அடையாளம் கண்டு, நொதியோடு சேர்த்துச் சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து உறிஞ்சி அழித்துவிடுகின்றன. செர்பின்களைப் போல இது இலக்கைப் பொறுக்கியெடுப்பதில்லை. கிருமிகள் வெளிவிடும் நொதியும் சரி, பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயினும் சரி, எல்லாம் இதில் சிக்கும்.

அப்படியானால் தம்பியின் குறையை இது ஏன் ஈடுகட்டவில்லை? அதன் பருமன்தான் காரணம். ஆன்டிடிரிப்சின் சிறியது, ரத்தக்குழாயின் சுவரைக் கடந்து நுரையீரல் திசுவுக்குள்ளும் காற்றறைகளை நனைக்கும் மெல்லிய நீர்ப்படலத்துக்குள்ளும் ஊடுருவும். மேக்ரோகுளோபுலின் பெரும்பாலும் ரத்தக்குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். எலாஸ்டின் அறுபடுவதோ குழாய்க்கு வெளியில்.

குறைக்கும் நுரையீரல் நோய்க்கும் உள்ள தொடர்பு 1963இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் வெளிப்பட்டது. கார்ல்-பெர்டில் லாரெல் என்ற உயிர்வேதியியலாளர், சுமார் 1500 பேரின் ரத்தச் சீரப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது ஐந்து பேரின் தாளில் ஆல்பா-1 பட்டை காணப்படவில்லை. ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து விசாரித்ததில் அந்த ஐவரில் மூவருக்கு எம்ஃபிசீமா இருந்தது. பட்டை ஏதோ வேதிக்கோளாறால் தெரியவில்லை என்று தாளைத் தூக்கிப் போடாமல், அந்த நோயாளிகளைத் தேடிப் போனார்களே, அதைத்தான் நான் வியக்கிறேன். ஓரிரு ஆண்டுகளுக்குள் வேறோர் ஆய்வுக்குழு எலிகளின் நுரையீரலில் பப்பெயினைச் செலுத்தி எம்ஃபிசீமா உண்டாவதைக் காட்டியது. வெட்டும் நொதிக்கும் தடுப்பானுக்கும் இடையிலான சமநிலை குலைவதே இந்நோயின் மூலம் என்ற கருத்து இவ்விரண்டிலிருந்தும் உருவாயிற்று.

அந்தச் சமநிலை எப்படிக் குலைகிறது என்று பார்ப்போம். நியூட்ரோஃபில் தன் நொதிகளை அடைத்து வைத்திருக்கும் குருணைகள் என்ற நுண்பைகளுக்குள் எலாஸ்டேஸின் செறிவு, சுற்றியுள்ள ஆன்டிடிரிப்சினின் செறிவைவிட நூறு மடங்குக்கும் மேல். ஒரு குருணை வெடித்து வெளியேறும் கணத்தில் அதையொட்டிய மிகச்சிறு பரப்பில் நொதியின் கையே ஓங்கும். அது பரவிப் பரவி நீர்த்து, தடுப்பானின் அளவுக்குக் கீழே இறங்கும் இடத்தில் வெட்டு நிற்கும். நலமானவருக்கு அந்தப் பரப்பு மிகக் குறுகியது. நல்ல நிலையிலுள்ள தடுப்பான், எதிர்ப்படும் எலாஸ்டேஸை மில்லிவினாடி அளவிலேயே பிடித்துவிடும். இயல்பாக 90 முதல் 200 மில்லிகிராம்வரை இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தால் அந்தப் பரப்பு பல மடங்கு விரியும். ஒவ்வொரு நியூட்ரோஃபிலும் கொஞ்சம் கூடுதலாக எலாஸ்டினை அறுத்துவிட்டுப் போகும். ஒருநாளில் இது தெரியாது. முப்பது ஆண்டுகளில் தெரியும்.

இதோடு புகை சேர்ந்தால் நிலைமை வேறு. புகையிலைப் புகை நுரையீரலுக்கு நியூட்ரோஃபில்களைக் கூட்டமாக வரவழைக்கிறது. அதே புகையிலுள்ள ஆக்சிஜனேற்றிகள், முன்பு சொன்ன 358ஆம் மெத்தியோனினைத் தாக்கி உருமாற்றிவிடுகின்றன. இரை கெட்டுப்போன பொறியை எலாஸ்டேஸ் நெருங்கும் வேகம் சுமார் 2000 மடங்கு குறைகிறது. ஏற்கெனவே கால்வாசி அளவுக்கும் குறைவாக இருந்த கையிருப்பில், உள்ளதையும் செல்லாக்காசாக்குவது புகைதான். தம்பி புகையை முழுமையாக விட்டாரா என்று உங்கள் கடிதத்தில் தெளிவில்லை. விடவில்லையென்றால், இந்தப் பதிலில் நான் சொல்லும் எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம். எந்த விலையுயர்ந்த மருந்தும் அதற்கு ஈடாகாது. மரத்தூளும் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி நியூட்ரோஃபில்களை இழுத்துவரும். பட்டறையில் தூள் பறக்காத வேலைக்கு மாற முடியுமானால் மாறுவது நல்லது. உடனே முடியாதென்றால் முகத்தோடு இறுகப் பொருந்தும், தூள் வடிகட்டும் முகக்கவசமாவது வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது.

இனி கல்லீரல். இந்தக் குறைபாட்டில் மிகவும் அறியப்பட்ட மரபணு மாற்றம் 'இசட்' வகை எனப்படும். அதில் 342ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் இருக்கும். அந்த இடம் வளையத்தின் அடிவாரம். அங்கே பிடிமானம் தளர்வதால், நடு இழைத்தொகுப்பு வாய் திறந்தாற்போல் நின்றுவிடுகிறது; நொதி வந்து வெட்டாமலே ஒரு மூலக்கூறின் பகுதி அடுத்த மூலக்கூறுக்குள் செருகிக்கொள்ள, அது இன்னொன்றில் செருகிக்கொள்ளச் சங்கிலிபோல் நீண்டுபோகிறது. டேவிட் லோமாஸும் ராபின் கேரலும் உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் குழு இதை 1992இல் விளக்கியது. இந்தப் புரதத்தைத் தயாரிக்கும் இடம் கல்லீரல் அணு என்பதால் சங்கிலிகள் அங்கேயே தேங்குகின்றன. பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ரத்தத்தை வந்தடைகிறது. ஆகவே நுரையீரலில் நடப்பது பற்றாக்குறையால் விளைவது, கல்லீரலில் நடப்பது தேக்கத்தால் விளைவது. மருத்துவர் கல்லீரலைப் பார்க்கச் சொன்னதன் பொருள் இதுதான்.

குழந்தைப் பருவத்து மஞ்சள் காமாலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தவறாமல் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்வீடனில் 2 லட்சம் பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 1976இல் வெளியான ஆய்வில், இசட் வகையை இரு பிரதியாகப் பெற்ற 120 குழந்தைகளில் 14 பேருக்கு நீடித்த மஞ்சள் காமாலை இருந்தது. தம்பிக்கும் அதே காரணமாக இருந்திருக்கலாம். மரபணுச் சோதனைதான் உறுதிசெய்ய வேண்டும். இந்தப் புரதத்தையே உற்பத்திசெய்யாத வேறு வகைகளும் உண்டு. அவற்றில் நுரையீரல் கெடும், தேங்குவதற்கு ஒன்றுமில்லாததால் கல்லீரல் கெடாது. எந்த வகை என்று தெரியும்வரை தம்பி மதுவைத் தொடாமலிருப்பதும், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டிராவிட்டால் போட்டுக்கொள்வதும் நல்லது. இன்ஃப்ளுவென்சா, நியூமோகாக்கஸ் தடுப்பூசிகளும் அவருக்கு வேண்டும். ஒவ்வொரு நெஞ்சுச் சளியும் நுரையீரலுக்குள் நியூட்ரோஃபில் வெள்ளத்தைத் திறந்துவிடுவதால், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உறவினர் சொன்ன பச்சை சோயா யோசனை நல்லெண்ணத்தில் வந்தது. ஆனால் செய்ய வேண்டாம். சோயாவில் உள்ள தடுப்பானை மோசஸ் குனிட்ஸ் 1940களில் படிகமாகவே பிரித்தெடுத்தார். அது டிரிப்சினை இறுக அடைக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் வாய்வழியே போகும் அது குடலோடு நின்றுவிடும். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதத்தின் இடத்தை நிரப்பாது. குடலில் அது செய்யக்கூடியது, அங்கே தேவையான டிரிப்சினை முடக்கிச் செரிமானத்தைக் கெடுப்பதே. பச்சை சோயா தின்ற எலிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் கணையம் வீங்கியதும் வளர்ச்சி குன்றியதும் நெடுநாளாக அறியப்பட்டவை. நன்றாக வேகவைத்த சோயாவைத் தம்பி தாராளமாகச் சாப்பிடலாம். வேகும்போது தடுப்பானின் பெரும்பகுதி அழிந்துவிடும். எம்ஃபிசீமா உள்ளவர்கள் எடை இழக்கக் கூடாது என்பதால் பருப்பு, முட்டை, மீன் என்று புரத உணவு போதிய அளவு இருக்கட்டும்.

டிரிப்சின்-கைமோடிரிப்சின் மாத்திரையால் தம்பியின் நுரையீரல் கெட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. சில நாட்கள் எடுத்த அந்த மாத்திரையிலிருந்து ஏதேனும் சிறிதளவு ரத்தத்தில் கலந்தாலும், அவருக்குக் குறையில்லாத மேக்ரோகுளோபுலின் அதை அங்கேயே பிடித்துவிடும். பல்லாண்டுகளாகச் சேர்ந்த சேதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இனி அவருக்கு அதைத் தவிர்ப்பதே என் விருப்பம். பல் வீக்கம் அது இல்லாமலும் வடியும். தடுப்பான் குறைந்த உடலுக்கு வெட்டும் நொதியைக் கொடுப்பதற்குப் பெரிய நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை பல் மருத்துவரிடம் இந்தக் குறைபாட்டை முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஆல்பா-1 ஆன்டிடிரிப்சினைச் சிரைவழி ஏற்றும் முறை அமெரிக்காவில் 1987 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம். இந்தப் புரதம் ரத்தத்தில் சில நாட்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் வாரந்தோறும் ஏற்ற வேண்டும். சி.டி. ஸ்கேனில் தெரியும் நுரையீரல் இழப்பின் வேகத்தை இது குறைக்கிறது. இழந்த காற்றறைகளைத் திருப்பித் தராது. தேக்கம் காரணமான கல்லீரல் நோய்க்கும் உதவாது. செலவு மிக அதிகம். கடன் வாங்கி இதைத் தொடங்கும் முன், தம்பியின் நுரையீரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை ஊதிப் பார்க்கும் பரிசோதனைகள் மூலம் சில காலம் கணித்துவிட்டு, மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். இன்ஹேலர்களும், நுரையீரலுக்கான உடற்பயிற்சியும் மற்ற எம்ஃபிசீமா நோயாளிகளைப் போலவே அவருக்கும் பயன்படும். கல்லீரல் அணு இந்தப் புரதத்தைத் தயாரிப்பதையே குறைக்கும் மருந்துகள் ஆய்வு நிலையில் இருக்கின்றன.

இறுதியாக உங்கள் குடும்பம். இந்த மரபணு 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் தம்பியின் அளவுக்குக் குறையும். இசட் வகை வட ஐரோப்பியரிடம் அதிகம், நம்மிடம் அரிது. அரிய மரபணு ஒரே குழந்தையிடம் இரண்டு பிரதியாகச் சேர்வதற்கு உறவுத் திருமணம் வழி செய்கிறது. உங்கள் அப்பாவின் பெற்றோரே அம்மாவுக்குத் தாத்தா பாட்டி என்பதால், அவர்களில் ஒருவரிடம் இருந்த ஒரு பழுதே இரண்டு கிளைகள் வழியாக இறங்கித் தம்பியிடம் சந்தித்திருக்கக்கூடும். இது யாருடைய குற்றமும் அல்ல. அம்மாவிடம் சொல்லும்போது அந்தத் தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரும் தலா ஒரு பிரதி சுமப்பவர்கள் என்றால், உங்களுக்கும் இரண்டு பழுதான பிரதிகள் வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பும், ஒரு பிரதி மட்டும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஆகவே நீங்கள் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும். மூச்சுத்திணறல் இல்லையென்றாலும் சரி. உங்கள் கணவர் உறவில்லாதவர் என்பதால் மகளைப் பற்றி இப்போது கவலைப்படத் தேவையில்லை. உங்கள் முடிவு வந்த பிறகு அவளைச் சோதிப்பதா என்று தீர்மானிக்கலாம். தம்பிக்குக் குழந்தைகள் இருந்தால், அவர்களிடம் ஒரு பழுதான பிரதி இருந்தே தீரும். அவர் மனைவியும் சொந்தத்தில் வந்தவர் என்றால் மனைவிக்கும் சோதனை தேவை.

சோதனைக்கூடத்துக்குப் போகும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள். காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகியவை ஆன்டிடிரிப்சினின் அளவைத் தற்காலிகமாக உயர்த்தும். ஒரு பிரதி பழுதானவருக்கு இதனால் இயல்பான எண் வந்து ஏமாற்றிவிடும். நலமாக இருக்கும் நாளில் ரத்தம் கொடுங்கள். உடலில் அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்கும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிக்கு மரபணுச் சோதனை செய்யும்போது, ஐரோப்பியரிடம் மிகுந்துள்ள இசட், எஸ் ஆகிய இரண்டு மாற்றங்களை மட்டும் தேடும் சோதனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவை இல்லையென்று வந்தால் மரபணு முழுவதையும் வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மக்களிடம் அரிய வகைகள் இருக்கக்கூடும். தம்பியிடம் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால், உங்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.